எலும்பு எப்படிக் கூடுகிறது? கம்பி எதற்கு?

தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் உழைத்த மூத்தவர்களுக்கு எலும்பு முறிவு புதிய செய்தி அல்ல. செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்தவர், விடியற்காலை இருட்டில் பால்மரம் வெட்டப் போகும்போது வாய்க்காலில் விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் சறுக்கியவர் என்று ஒவ்வொரு லயத்திலும் ஒருவராவது இருப்பார். ஆனால் 60 வயதைத் தாண்டியபின் வரும் முறிவு வேறு வகை. மரத்திலிருந்து விழ வேண்டியதில்லை. இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும்போது ஈரத்தில் கால் வழுக்கினாலே போதும். மணிக்கட்டோ, முதுகெலும்போ, இடுப்போ முறிந்துவிடும்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருத்துவர் “கம்பி வைக்க வேண்டும்” என்று சொன்னதும் வீட்டில் பேச்சு தொடங்கும். இந்த வயதில் அறுவை எதற்கு? உடம்புக்குள் இரும்பா? சிமெண்டுக் கட்டுப் போட்டால் கூடாதா? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். முறிந்த எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், மருத்துவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரியும்.

எலும்பு ஒட்டுவதில்லை, வளர்கிறது

“எலும்பு ஒட்டிக்கொண்டதா?” என்று கேட்கிறோம். உடைந்த தட்டைப் பசை போட்டு ஒட்டுவதைப் போன்ற எண்ணத்தை இந்தச் சொல் தருகிறது. அதைவிட, “எலும்பு கூடிவிட்டது” என்று நம் பெரியவர்கள் சொல்வது உண்மைக்கு நெருக்கமானது. எலும்பு உயிருள்ள பொருள். அதற்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கும். எலும்போ தழும்பு இல்லாமல், பழைய எலும்பைப் போன்ற புது எலும்பாலேயே தன்னைச் சரிசெய்துகொள்ளக்கூடியது.

முறிந்தவுடன் அந்த இடத்தில் இரத்தம் கசிந்து உறைகிறது. வீக்கம், வலி, சூடு எல்லாம் வருகின்றன. இது “கெட்ட இரத்தம்” அல்ல. எலும்பு கட்டப்படப்போகும் இடத்துக்கு உடம்பு போடும் முதல் அடித்தளம் இந்த உறைவுதான். சில நாட்களில் அதற்குள் புதிய நுண் இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் அது குருத்தெலும்பு போன்ற மென்மையான மேடாகிறது. பிறகு சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகத் தொடங்குகிறது. பெரியவர்களின் கையில் 6 வாரங்களிலும், கால் எலும்பில் 12 வாரங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகும்போது, எடை தாங்கும் அளவுக்கு அது உறுதி பெறும். மேடு செதுக்கப்பட்டு எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்ப மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட ஆகும்.

முறிந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவக்கூடாது என்று செவிலியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுதான். உருவும்போது கலைவது அந்த அடித்தளமும் அதற்குள் நுழைந்த புதுக் குழாய்களும். வளர வந்ததை நாமே பிடுங்குவதற்குச் சமம் அது.

எவ்வளவு அசையலாம்?

எலும்பு கூட இரண்டு தேவை. ஒன்று இரத்த ஓட்டம், மற்றொன்று அளவான அமைதி. “அளவான” என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

முதல் வாரத்தில் முறிவுக்குள் இருக்கும் இளம் தசைநார் ரப்பரைப் போன்றது. அதன் நீளத்தைப் போல இரு மடங்கு இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு நூற்றில் 10 பங்கு இழுபட்டால் தாங்கும். எலும்போ பிஸ்கட்டைப் போன்றது. நூற்றில் 2 பங்குக்கு மேல் இழுபட்டால் உடைந்துவிடும். முறிந்த இரு முனைகளுக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அசையும்போதெல்லாம் அது இன்னொரு 1 மில்லிமீட்டர் விலகினால் இழுப்பு நூற்றுக்கு நூறு. அந்த இடத்தில் ரப்பர் போன்ற தசைநார் மட்டுமே பிழைக்க முடியும், எலும்பு அமையாது. மாதக்கணக்கில் இப்படியே போனால் இரு முனைகளும் கூடாமலே நின்றுவிடும்.

உடம்பு இதைப் படிப்படியாகச் சமாளிக்கிறது. முதலில் வளையக்கூடிய பொருளை வைத்து அசைவைக் குறைக்கிறது. அசைவு குறைந்த பிறகு அதைவிடக் கெட்டியான பொருளை வைக்கிறது. கடைசியில் எலும்பு வருகிறது. அதற்கு நாம் செய்ய வேண்டியது, தொடக்க வாரங்களில் அசைவை அது தாங்கும் எல்லைக்குள் வைத்திருப்பது மட்டும்தான். அசைவே கூடாது என்பதும் இல்லை. சிமெண்டுக் கட்டிலும் நடுக்கம்பியிலும் நடக்கும் மிகச் சிறிய அசைவு, மேடு நன்றாக வளர உதவுகிறது.

அந்த மேடு எலும்பைச் சுற்றி ஏன் வெளிப்பக்கமாக வளர்கிறது? செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கோலைப் பிடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்தக் கோல் உள்ளே வெற்றுக் குழாய். அதே எடை அலுமினியத்தை மெல்லிய கெட்டிக் கம்பியாக்கி இருந்தால், தூக்கிய உடனே வளைந்து தொங்கியிருக்கும். பொருள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வளைவை எதிர்க்கும். ஒரு கோலின் தடிமன் இரண்டு மடங்கானால், வளையாமல் நிற்கும் தன்மை 16 மடங்காகிறது. மூங்கிலும் நம் தொடை எலும்பும் குழாயாக இருப்பது இதனால்தான். புது எலும்பு இன்னும் முற்றாதபோது, பருமனைக் கூட்டி உறுதியை ஈடுகட்டுகிறது உடம்பு.

தகடு, ஸ்குரூ, நடுக்கம்பி

இரும்பு எலும்பைக் கூட வைப்பதில்லை. எலும்பு தானே கூடும்வரை அதைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். சிமெண்டுக் கட்டு செய்வதும் அதே வேலை. துணியில் மாவைத் தோய்த்துப் போடும் கட்டை நெதர்லாந்தின் இராணுவ மருத்துவர் மத்தைசன் 1852ல் அறிமுகப்படுத்தினார். விலகாத முறிவுகளுக்கும், மணிக்கட்டு, கணுக்கால் முறிவுகள் பலவற்றுக்கும் இன்றும் அது நல்ல சிகிச்சைதான். அதன் குறை, மூட்டையும் சேர்த்துக் கட்டிவிடுவது. எலும்பு கூடும், ஆனால் மூட்டு இறுகி, தசை இளைத்துவிடும். 1958ல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் 13 அறுவை மருத்துவர்கள் கூடி ஒரு குழு அமைத்ததற்கு இந்தக் குறையே முக்கியக் காரணம். எலும்பை உள்ளிருந்தே உறுதியாகப் பிடித்துவிட்டால் நோயாளி உடனே மூட்டை அசைக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. இன்று உலகெங்கும் எலும்பு அறுவை மருத்துவர்கள் பயிலும் முறைகளில் பல அந்தக் குழுவிலிருந்து வந்தவை.

தகடு எலும்பின் மேல் வைத்து ஸ்குரூவால் முடுக்கப்படுவது. முறிந்த முனைகள் ஒன்றோடொன்று இறுக்கி அழுத்தப்பட்டு, அசைவே இல்லாமல் இருந்தால், மேடு வளராமலே எலும்பு நேரடியாகக் கூடும். ஆகவே தகடு வைத்தபின் எடுத்த எக்ஸ்ரேயில் மேடு தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நடுக்கம்பி வைத்திருப்பார்கள். அவருக்கு மேடு தெரியும், உங்களுக்குத் தெரியாது. இரண்டும் சரிதான்.

நடுக்கம்பி எலும்பின் குழாய்க்குள் செருகப்படுவது. ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் குன்ட்ஷர் 1939ல் இதைத் தொடை எலும்பில் செய்து காட்டினார். உடம்பின் எடை இறங்கும் கோட்டுக்கு அருகிலேயே நிற்பதால் இது பளுவை நன்றாகத் தாங்கும். தகடு ஒரு பக்கமாக நிற்பதால் அதிகம் வளையும். தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் நடு எலும்பு முறிந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் நடுக்கம்பியைத் தேர்வதற்கு இது ஒரு காரணம்.

எக்ஸ்ரேயைப் பார்க்கும் பிள்ளைகள் பல நேரம் கேட்கும் கேள்வி ஒன்று: “தகட்டில் சில துளைகளில் ஸ்குரூவே இல்லையே, மறந்துவிட்டார்களா?” மறக்கவில்லை. முறிவுக்கு அருகில் வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். ஓர் இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் மடக்கினால் அது சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும். அதே வளைவு நீளமான பகுதியில் பரவினால் நெடுநாள் தாங்கும். காலித் துளைகள் அந்த நீளத்தைத் தருகின்றன.

ஒவ்வொரு அடியிலும் கம்பி கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. நாளுக்குச் சில ஆயிரம் அடி என்றால் மாதத்துக்கு ஒரு லட்சம் முறை. எந்த உலோகமும் இப்படி முடிவில்லாமல் தாங்காது. எலும்பு கூடும் வேகத்துக்கும் கம்பி களைக்கும் வேகத்துக்கும் நடுவே நடப்பது ஒரு பந்தயம். எலும்பு கூடிவிட்டால் பளு அதற்கு மாறிவிடும், கம்பி ஓய்வெடுக்கும். எலும்பு கூடவே இல்லை என்றால் கம்பி ஒருநாள் ஒடியும். அப்படி ஒடிந்தால் கம்பி மட்டமானது என்று நினைப்பதைவிட, எலும்பு ஏன் கூடவில்லை என்று மருத்துவரிடம் கேட்பதே பயன் தரும்.

இடுப்பு முறிந்தால்

நாம் பொதுவாக “இடுப்பு முறிந்தது” என்று சொல்வது தொடை எலும்பின் மேல்முனை முறிவதைத்தான். விழுந்தவரால் எழுந்து நிற்க முடியாது. அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நடக்க வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள். அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், முக்கியமாக இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை, கையோடு கொண்டுபோங்கள். எலும்பு அறுவை நிபுணர்கள் இருக்கும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ அனுப்பினால், தட்டிக்கழிக்கிறார்கள் என்று எண்ணாமல் போய்விடுங்கள்.

இந்த முறிவில் இடம் மிக முக்கியம். பந்து போன்ற தலைக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியில் முறிந்தால், தலைக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழிந்துவிடக்கூடும். இரத்தம் போகாத எலும்பு கூடாது, எத்தனை ஸ்குரூ போட்டாலும் சரி. அதனால் வயதானவர்களுக்கு விலகிய கழுத்து முறிவு என்றால், பழைய தலையை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே, தசைகள் பற்றியிருக்கும் பகுதியில் முறிந்தால் இரத்த ஓட்டம் தாராளமாக இருக்கும், எலும்பு தானே கூடிவிடும். அங்கே நடுக்கம்பியோ வழுக்கும் ஸ்குரூவோ வைப்பார்கள். வழுக்கும் ஸ்குரூ என்பது நல்ல ஏற்பாடு. எடை வைக்கும்போது அது குழலுக்குள் சற்று உள்வாங்கி, முறிந்த இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது.

“கூடும் என்றால் படுக்கையிலேயே வைத்துக் கூட விடலாமே?” அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். காலில் எடை கட்டி இழுத்துவைத்து, இரண்டு மூன்று மாதம் படுக்கையில் கிடத்தினார்கள். எலும்பு பல நேரம் கூடியது, ஆனால் மனிதர் தாங்கவில்லை. படுத்தே கிடக்கும் முதியவருக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும், கால் நரம்பில் இரத்தம் உறையும், முதுகில் புண் வரும், தசை நாளுக்கு நாள் கரையும், மனமும் குழம்பும். அறுவை செய்தாலும் இடுப்பு முறிவு பெரிய ஆபத்துதான். பல நாட்டு ஆய்வுகளில், இப்படி முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் எலும்பு அல்ல, படுக்கை.

ஆகவே இந்த அறுவையின் முதல் நோக்கம், நோயாளியை மறுநாளே நாற்காலியில் உட்கார வைத்து, நிற்க வைப்பது. உடல்நிலை இடம் தந்தால் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்வது நல்லது என்று பல நாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன. “எல்லாப் பிள்ளைகளும் வந்து பேசி முடிவெடுக்கலாம்” என்று ஒரு வாரம் போக்குவது நம் குடும்பங்களில் வழக்கம். அந்த ஒரு வாரம் நோயாளியின் பலத்திலிருந்து போகிறது. பிள்ளைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அன்றே முடிவெடுங்கள். செலவு பற்றிய கவலை இருந்தால் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் அன்றே கேளுங்கள். தகுதியுள்ளவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் மருத்துவக் கருவி உதவி உண்டு. வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் பெர்கேசோவிடமும் தெரிவிக்க வேண்டும்.

கட்டு வைத்தியம் பற்றி

நம்மவர்களில் பலருக்குப் புத்தூர் கட்டு என்ற பெயர் தெரியும். ஆந்திராவில் சென்னைக்குப் பக்கத்திலுள்ள புத்தூரில் தலைமுறை தலைமுறையாக மூங்கில் பத்தையும் பச்சிலையும் வைத்துக் கட்டிவருகிறார்கள். இங்கே மலாய்க்காரர்களிடமும் எலும்பு கட்டும் வைத்தியர்கள் உண்டு. இவற்றை முழுக்கப் பொய் என்று சொல்வது சரியல்ல. விலகாத முறிவுக்குப் பத்தை வைத்துக் கட்டி அசைவைக் குறைத்தால் எலும்பு கூடும். காரணம் மேலே சொன்னதுதான்.

எங்கே தவறுகிறது என்றால், எக்ஸ்ரே இல்லாமல் கட்டும்போது எலும்பு விலகியிருப்பது தெரிவதில்லை. இடுப்பு முறிவை எந்தப் பத்தையாலும் பிடித்து நிறுத்த முடியாது. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் பச்சிலை வைத்தால் கிருமி உள்ளே போகும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது இறுக்கம். வீக்கம் கூடிக்கொண்டே போகும்போது கட்டு இறுக்கமாக இருந்தால், இரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். மருத்துவமனையில் போட்ட சிமெண்டுக் கட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனால், விரல் மரத்துப்போனால், நீலமானால், குளிர்ந்துபோனால், விரலை நீட்டிவிடும்போது தாங்க முடியாமல் வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சாப்பாடும் சர்க்கரையும்

அறுவை முடிந்து வீடு வந்ததும் முட்டை கூடாது, கோழி கூடாது, மீன் கூடாது என்று பத்தியம் வைக்கிறார்கள். எலும்பின் சட்டமே புரதத்தால் ஆனது. அதைக் கட்டவேண்டிய நேரத்தில் புரதத்தை நிறுத்துவது, வீடு கட்டும்போது செங்கலை நிறுத்துவது போல. முட்டை, மீன், கோழி, தவ்ஹு, பருப்பு, பால், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கால் சூப் குடிக்கலாம், தவறில்லை. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்று 2023 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு காட்டியது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எலும்பு மெதுவாகக் கூடும், புண்ணில் கிருமியும் எளிதாகச் சேரும். சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை எல்லாவற்றிலும் உள்ள நிக்கோட்டின் நுண் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. எலும்பு கூடும் மாதங்களிலாவது அதை நிறுத்துங்கள். மூட்டு வலிக்கு என்று விற்கப்படும் பதிவில்லாத பொடி, மாத்திரை சிலவற்றில் ஸ்டெராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட்டதும் வலி மாயமாகப் போகும், உள்ளே எலும்பு அரிக்கும்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்றால், எலும்பு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பி அந்த ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். மற்ற எலும்புகளைக் காக்க மருந்து உண்டு. மருத்துவரே சொல்லாவிட்டாலும் கேளுங்கள்.

கைத்தடி எந்தக் கையில்?

அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பெரும்பாலோர் அடிபட்ட பக்கமே பிடிக்கிறார்கள், அது தவறு.

தோளில் காண்டாக் கம்பை வைத்துப் பால் வாளி சுமந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கம்பின் நடுப்பகுதி தோளில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால், குட்டையான பக்கத்தில் இரண்டு மடங்கு எடை தொங்கினால்தான் சமன்படும். தோளோ இரண்டு பக்க எடையையும் சேர்த்துச் சுமக்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டுதான் அந்தத் தோள். நீளப் பக்கத்தில் உடம்பின் எடை, குட்டைப் பக்கத்தில் அதை ஈடுகட்ட இழுக்கும் இடுப்புத் தசை. அதனால் ஒவ்வொரு அடியிலும் மூட்டின் மேல் விழும் பளு உடல் எடையைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 முதல் 180 கிலோ. எதிர்ப்பக்கக் கையால் தடியை ஊன்றினால், நீளப் பக்கத்தின் பளுவை அந்தக் கை கொஞ்சம் தூக்கிவிடுகிறது. தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டின் பளுவும் நன்றாகக் குறைகிறது.

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது தடியையும் அடிபட்ட காலையும் முதலில் வையுங்கள். எவ்வளவு எடை வைக்கலாம் என்பது முறிவுக்கு முறிவு மாறும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்தார் என்பதைவிட, இயன்முறை மருத்துவர் உங்களுக்குச் சொன்னதைச் செய்யுங்கள். வலிக்குப் பயந்து அவர் சொன்ன அளவுக்குக்கூட நடக்காமல் இருப்பதும் கெடுதல்தான். பளு விழாத எலும்பு மெலியும்.

எலும்பு கூடியபின் கம்பியை எடுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வயதானவர்களுக்குத் தொந்தரவு தராதவரை அது அப்படியே இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகோ டைட்டானியமோதான். வாழ்நாள் முழுவதும் உடம்பில் இருப்பதற்கேற்பச் செய்யப்பட்டவை. எடுத்தால் ஸ்குரூ இருந்த துளைகள் நிரம்பும்வரை எலும்பு அங்கே பலவீனமாக இருக்கும். எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது மட்டும் உடம்பில் கம்பி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறுவை நடந்த தேதி, மருத்துவமனை, எந்தக் கால் என்று எழுதிய தாளை அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.